கேஸ் மேல் போட்ட பழி

என் காரின் ஏசி ஒரேயடியாகச் சாகவில்லை. செத்திருந்தால் இத்தனை அலைச்சல் இருந்திருக்காது. சாலையில் எண்பதில் போகும்போது விரல் விறைக்கிற அளவுக்குக் குளிரும். சிக்னலில் நின்று இரண்டு நிமிடம் ஆனால் போதும், யாரோ முகத்துக்கு நேரே வாயால் ஊதுவதுபோல வெதுவெதுப்பாகக் காற்று வரும். பச்சை விழுந்து வண்டி வேகமெடுத்தால் மறுபடி குளிர்ச்சி. பின்சீட்டில் இருந்த மகள், "நாம நின்னா ஏசியும் நின்னுடுதுப்பா" என்றாள். கோளாறு மொத்தத்தையும் அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். அதைக் காதில் வாங்காமல் நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

அங்கே ஒரு பையன் வந்தான். உள்ளே கையை நீட்டி, ஏசி காற்று வரும் கிரில்லுக்கு முன்னால் ஐந்து விநாடி வைத்துப் பார்த்தான். "கேஸ் இல்ல சார். போட்டுடலாம்." போட்டான். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சும்மா ஜில்லென்று இருந்தது. வெயில் தாழ்ந்த நேரம், காலியான சாலை. எந்த ஏசியும் அப்போது ஜில்லென்றுதான் இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு வாரம் போனது. நடுப்பகலில், நெரிசலில், பழைய கதை. மறுபடி அதே இடம், அதே பையன். "லைட்டா கொறஞ்சிருக்கு சார், டாப்-அப் பண்ணிடறேன்." அதற்கும் தலையாட்டினேன். இந்தத் தடவை சரியாகாதது மட்டுமல்ல, இன்னும் மோசமானது. முன்பெல்லாம் நின்றால் வெதுவெதுப்பு வரும். இப்போது நின்றால் கம்ப்ரஸரே 'டக்' என்று விட்டுப்போனது.

அன்றைக்குத்தான் ஒரு சின்னக் கேள்வி வந்தது. முதல் நாளே வந்திருக்க வேண்டியது. கேஸ் எங்கே போகிறது?

பெட்ரோல் எரிந்து போகிறது. பிரேக் பேட் தேய்கிறது. ஏசி கேஸ் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. மூடிய குழாய்க்குள் திரும்பத் திரும்ப அதே கேஸ்தான் சுற்றுகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்புவது, ஒழுகும் குடத்தில் தண்ணீர் மொள்ளுகிற கதைதான். குறையவே இல்லை என்றால்? நிரம்பிய குடத்தில் இன்னும் ஊற்றியிருக்கிறார்கள். என் விஷயத்தில் நடந்தது அதுதான். ஆனால் அது தெரியவர இன்னும் பத்து நாள் ஆனது.

ஒன்றை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். கார் ஏசியில் கேஸ் கொஞ்சம்கூடக் கசியவே கசியாது என்று அடித்துச் சொல்ல முடியாது. வீட்டு ஃப்ரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்பு உருண்டைக்குள் வைத்து வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். பல வருஷம் அதைத் தொடவே வேண்டாம். காரில் கம்ப்ரஸரைச் சுற்றுவது எஞ்சின் பெல்ட். ஆகவே ஒரு தண்டு உள்ளிருந்து வெளியே வந்தே ஆக வேண்டும், அதைச் சுற்றி ஒரு சீல் இருந்தே ஆக வேண்டும். எஞ்சின் ஆடும் என்பதால் சில இடங்களில் ரப்பர் ஹோஸும் வேண்டும். இவற்றின் வழியாக வருஷக்கணக்கில் துளித்துளியாகக் கேஸ் போகும். ஏழெட்டு வருஷம் ஓடிய வண்டியில் கொஞ்சம் குறைந்திருந்தால் அதில் அதிசயம் இல்லை. ஒரே வாரத்தில் குறைந்தது என்றால் யாரோ கதை விடுகிறார்கள், அல்லது நல்ல பெரிய ஓட்டை இருக்கிறது.

சரி, இந்த மெஷின் என்னதான் செய்கிறது? ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவுவார், அந்த இடம் மட்டும் ஜில்லென்று ஆகும். ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலில் இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஏசியும் இதே வேலைதான். இப்போது ஓடும் பெரும்பாலான பழைய வண்டிகளில் இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் அது கொதித்து ஆவியாகி, உள்காற்றின் சூட்டை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை இழுத்து அழுத்தி, நல்ல சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸருக்குத் தள்ளுகிறது. அங்கே வெளிக்காற்று பட்டு, சூட்டை இறக்கிவைத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளை வழியாகப் பீய்ச்சப்பட்டு, திரும்பவும் கூலிங் காயில். அவ்வளவுதான் சுற்று.

ஆக, ஏசி ஒரு கூலியாள் மாதிரி. உள்ளே இருக்கும் சூட்டைத் தலையில் சுமந்துபோய் முன்பக்கம் கொட்டிவிட்டு வருகிறது. கொட்டுகிற இடம் அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் மூட்டையை அது எடுக்காது. வண்டி ஓடும்போது கண்டென்ஸர் மேல் காற்று தானாக வந்து மோதுகிறது. நின்றால்? ஃபேன் ஓடினால்தான் காற்று. மகள் சொன்னது இதைத்தான்.

இதைப் புரிந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே பானட்டைத் திறந்தேன். கையில் இருந்தது ஒரு ஊசி தெர்மாமீட்டரும் ஒரு வாளித் தண்ணீரும். தெர்மாமீட்டரை நடு கிரில்லில் செருகினேன். கார் ஏசி பார்க்கக் கையை நம்பக் கூடாது என்பது அன்றைக்குக் கற்ற பாடம். வெயிலில் நின்றுவிட்டு வந்த கைக்கு 18 டிகிரிகூட ஜில்லென்றுதான் இருக்கும். நல்ல நிலையில் இருக்கும் ஏசியில், ஜன்னலை ஏற்றி, உள்காற்றே சுற்றும்படி வைத்தால், கிரில்லில் ஏறக்குறைய 5 முதல் 10 டிகிரி காட்ட வேண்டும். புழுக்கமான நாளில் இன்னும் ஒன்றிரண்டு கூடலாம்; காற்றில் இருக்கும் ஈரத்தை நீராக்கவே ஏசியின் பலத்தில் ஒரு பங்கு போய்விடும். வண்டிக்கு அடியில் சொட்டுகிற தண்ணீர் அதுதான். அது சொட்டினால் நல்லது. சீட்டுக்கு முன்னால் கால்மிதியில் சொட்டினால்தான் கோளாறு, வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

எஞ்சினை ஓடவிட்டு ஐந்து நிமிடம் நின்றேன். தெர்மாமீட்டர் 19 காட்டியது. மனைவியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். முன்கிரில் வழியாகக் கண்டென்ஸர் மேல் மக்கில் மொண்டு மொண்டு தண்ணீர் ஊற்றினேன். மேலே பட்டதும் புஸ்ஸென்று நீராவி. "பதினேழு." இன்னொரு மக். "பதினாலு... பதிமூணு." மூன்றாவது மக். "பதினொண்ணு! என்ன பண்றீங்க நீங்க?" தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். மெல்ல மெல்ல எண் ஏறிப் பழையபடி 19-க்கே போனது.

இதைவிடத் தெளிவாக ஒரு மெஷின் பேச முடியாது. கேஸ் இருக்கிறது, கம்ப்ரஸர் அழுத்துகிறது, கூலிங் காயில் குளிர்கிறது. சூட்டைக் கொட்ட மட்டும் வழியில்லை. குனிந்து உள்ளே பார்த்தேன். என் வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஃபேன். ஒன்று ரேடியேட்டருக்கு, இன்னொன்று ஏசிக்கு. ரேடியேட்டர் ஃபேன் ஒழுங்காக வந்து போய்க்கொண்டிருந்தது, அதனால்தான் எஞ்சின் சூடு ஏறவில்லை, யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. ஏசி ஃபேன் தூசி படிந்து, தவம் இருக்கும் முனிவர் மாதிரி அசையாமல் இருந்தது.

முதலில் ஃபியூஸ். நன்றாக இருந்தது. அப்புறம் ரிலே, அதாவது ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்ன ஸ்விட்ச். இதற்கு ஒரு சுலப வழி உண்டு: அதே பெட்டியில் அதே எண் போட்ட இன்னொரு ரிலே இருக்கும், பெரும்பாலும் ஹார்னுக்கு. இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தால் போதும். மாற்றினேன், ஹார்ன் அடித்தது, ஃபேன் சுற்றவில்லை. ரிலே மேல் குற்றமில்லை. கடைசியாக, ஒரு நீளமான மரக்குச்சியை எடுத்து, தூரத்தில் நின்று ஃபேன் இறக்கையை லேசாக ஒரு தள்ளு. 'விர்ர்' என்று பிடித்துக்கொண்டது! நிறுத்தி மறுபடி போட்டால் சுற்றவில்லை, தள்ளினால் சுற்றியது. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். (தயவுசெய்து இதற்கு விரலை விடாதீர்கள். சில வண்டிகளில் எஞ்சின் அணைந்த பிறகும் அந்த ஃபேன் தானாகக் கிளம்பும். குச்சி போனால் போகட்டும்.)

ஃபேன் மோட்டாரை மாற்ற இந்த முறை வேறு இடத்துக்குப் போனேன். ஏசி வேலை மட்டும் செய்பவர், வயசானவர். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்ததும் கையமர்த்தினார். "ரெண்டு தடவ கேஸ் போட்டீங்களா? எவ்ளோ கிராம் போட்டாங்கன்னு சொன்னாங்களா?" சொல்லவில்லை. "அப்ப அவங்களுக்கும் தெரியாது" என்றார்.

பானட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஒரு சின்ன ஸ்டிக்கரைக் காட்டினார். எத்தனை வருஷமாக இந்தப் பானட்டைத் திறந்து மூடுகிறேன், ஒருநாள்கூட அதைப் படித்ததில்லை. கேஸ் வகை, அளவு 450 கிராம். தன் மெஷினில் இருந்து இரண்டு ஹோஸை மாட்டி, உள்ளே இருந்த கேஸ் முழுவதையும் இழுத்து எடை போட்டார். 610 கிராம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஃபேன் ஓடாத கண்டென்ஸரில் ஏற்கெனவே அழுத்தம் உச்சத்தில் நிற்க, அதில் இன்னும் 160 கிராம் திணித்திருக்கிறார்கள். அழுத்தம் அபாய எல்லையைத் தொட்டதும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரைத் துண்டித்துவிடும். அந்த எல்லை வண்டிக்கு வண்டி மாறும், பொதுவாக 400 பிஎஸ்ஐயை (டயர் காற்றை அளக்கும் அதே அழுத்த அளவு) ஒட்டி இருக்கும். நின்றால் 'டக்' என்று விட்டுப்போனது அந்த ஸ்விட்சின் புண்ணியம். அது இல்லாவிட்டால் ஹோஸோ கம்ப்ரஸரோ போயிருக்கும்.

"கேஜ் போட்டுப் பார்த்துதானே டாப்-அப் பண்ணியிருப்பாங்க?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமான விஷயமாக நினைக்கிறேன். கேஜ் அழுத்தத்தைத்தான் காட்டும், அளவைக் காட்டாது. வண்டி அணைந்திருக்கும்போது, உள்ளே கொஞ்சமாவது திரவம் மிச்சம் இருக்கும்வரை, முள் நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பது வெளியில் இருக்கும் சூடு மட்டும்தான். 30 டிகிரியில் ஆர்-134ஏ கிட்டத்தட்ட 97 பிஎஸ்ஐ காட்டும். 200 கிராம் இருந்தாலும் அதுதான், 600 கிராம் இருந்தாலும் அதுதான். சமையல் கேஸ் சிலிண்டர் மாதிரி. பாதி தீர்ந்தாலும் அடுப்பு அதே வேகத்தில்தான் எரியும். எவ்வளவு இருக்கிறது என்று தெரிய எடைதான் போட வேண்டும்.

கேஜ் உதவாது என்று சொல்லவில்லை. எஞ்சின் ஓடும்போது இரண்டு முள்ளையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் அது ஜாதகமே சொல்லும். ரத்த அழுத்தம் பார்ப்பது போலத்தான், மேல் எண், கீழ் எண். லோ பக்கம் (கம்ப்ரஸருக்குள் போகும் குழாய்) 25 முதல் 45 பிஎஸ்ஐ வரை, ஹை பக்கம் (கம்ப்ரஸரிலிருந்து வெளியே வரும் குழாய்) 150 முதல் 250 வரை, வெயிலுக்குத் தக்கபடி, என்பது ஒரு தோராயக் கணக்கு. இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் எகிறியிருந்தால் கேஸ் அதிகம், இல்லாவிட்டால் என் வண்டி மாதிரி ஃபேன் ஓடவில்லை. கம்ப்ரஸர் சுற்றியும் லோ ஏறி, ஹை இறங்கி, இரண்டும் நெருங்கி வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது, அழுத்தவில்லை. லோ பக்கம் வேக்குவத்துக்கே போனால் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு. முதல் ஒர்க்‌ஷாப்பிலும் கேஜ் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஹை பக்க முள்ளை யாரும் பார்க்கவில்லை.

மோட்டார் மாற்றி, கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் வேக்குவம் போட்டார். அரைமணி நேரம் பம்ப் ஓடியது. எனக்கு அவசரம். "இது எதுக்குங்க?" என்றேன். உள்ளே காற்றும் ஈரமும் இருக்கக் கூடாது. வேக்குவத்தில் தண்ணீர் சாதாரணச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியே போய்விடும். ஈரம் மிச்சமிருந்தால் வால்வின் ஊசித்துளையில் ஐஸாகி அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும். பம்பை நிறுத்திவிட்டு, முள் நகர்கிறதா என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். நகரவில்லை. லீக் இல்லை. எடை போட்டு 450 கிராம் ஏற்றினார். பழைய மோட்டாரைப் பிரித்துக் காட்டினார். பிரஷ் இருந்த இடத்தில் நகத்துண்டு அளவுக்கு ஏதோ கறுப்பாக ஒட்டியிருந்தது. இதற்காகவா இரண்டு தடவை கேஸ்!

லீக் நிஜமாகவே இருக்கும் வண்டிகளும் உண்டு. என் நண்பனுடையது அப்படித்தான். கண்டென்ஸரின் கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் தூசி அப்பிப்போய் இருந்தது. கேஸ் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கம்ப்ரஸர் ஆயிலையும் கூட இழுத்துக்கொண்டுதான் வெளியே போகும். ஆகவே எங்கே பிசுக்கோ அங்கே சந்தேகம். கல் தெறித்து விழுந்த ஊசித்துளை. கண்ணில் படாத லீக்குக்கு நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவுவார்கள், அல்லது சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். கூலிங் காயிலில் லீக் என்றால்தான் தலைவலி, டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும். லீக்கை அடைக்கும் மருந்து என்று டப்பாவில் விற்கிறார்கள். வால்வையும் மெக்கானிக்கின் மெஷினையும் சேர்த்து அடைத்துவிடும், அதை நான் தொட மாட்டேன்.

கேஸைத் திறந்துவிட்டு ஊதவிடுவதும் வேண்டாம். அந்தக் காலத்து ஏசி கேஸான ஆர்-12 ஓசோனைத் தின்கிறது என்று 1987-இல் மான்ட்ரியல் உடன்பாடு வந்து, 1990-களில் ஆர்-134ஏ அந்த இடத்துக்கு வந்தது. இது ஓசோனைத் தொடாது. ஆனால் நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதனால்தான் புது வண்டிகளில் ஆர்-1234ஒய்எஃப். ஒன்றுக்குரிய இடத்தில் மற்றதைப் போடக் கூடாது. ஸ்டிக்கரைப் படியுங்கள் என்று சொல்ல இது இன்னொரு காரணம்.

கேஸுக்குச் சம்பந்தமே இல்லாத கோளாறுகளும் இருக்கின்றன. காற்றே குறைவாக வந்தால் முதலில் கேபின் ஃபில்டர். குளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், பெரும்பாலான வண்டிகளில் ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். ஒரு மணி நேரம் ஓட்டியபின் காற்று மெலிந்துகொண்டே போய், ஏசியை அணைத்து பிளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டால் பழையபடி வருகிறதா? கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. காயில் உறையும் நிலைக்கு வருவதற்குள் கம்ப்ரஸரை நிறுத்த ஒரு சென்ஸர் இருக்கிறது, அதைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று கொஞ்சம் குறும்பானது. பானட்டுக்குள் லோ பக்கக் குழாய் தொட்டால் சில்லென்று வியர்த்திருக்கும், உள்ளே மட்டும் சூடான காற்று. டேஷ்போர்டுக்குள் ஹீட்டருக்கும் ஏசிக்கும் நடுவில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதை நகர்த்தும் மோட்டார் நடுவழியில் மாட்டிக்கொண்டால், ஏசி தயாரித்த குளிரை ஹீட்டர் மறுபடி சூடாக்கி அனுப்பும். இதற்கும் கேஸ் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

கம்ப்ரஸர் பிடிக்கிறதா என்று பார்க்க, பழைய வகையில் கம்ப்ரஸரைப் பெல்ட்டோடு சேர்த்துவிடும் கிளட்சின் 'டிக்' சத்தமே போதும். புது வண்டிகள் பலவற்றில் கிளட்சே கிடையாது, எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே ஒரு வால்வுதான் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எலெக்ட்ரிக் கார் என்றால் ஆரஞ்சு ஒயர் தெரிந்ததும் கையை எடுத்துவிடுங்கள், அந்தக் கம்ப்ரஸர் உயர் வோல்டேஜில் ஓடுவது.

கிளட்ச் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி முதலில் விற்ற கார் பேக்கார்டு நிறுவனத்துடையது, 1940 மாடல். அதன் கம்ப்ரஸருக்குக் கிளட்சே இல்லை. ஏசி வேண்டாம் என்றால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். கூலிங் காயில் பின்னால் டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் காரை வைத்திருந்தவர்களுக்காவது தங்கள் ஏசியில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

தெர்மாமீட்டரை இன்னும் கிரில்லில் இருந்து எடுக்கவில்லை. சிக்னலில் நின்றால் 8-இல் இருந்து 10-க்குப் போகும், முன்பக்கம் ஃபேன் கிளம்பும் சத்தம் கேட்கும், மெல்ல 8-க்கு இறங்கும். அந்தச் சத்தம் கேட்பதற்காகச் சிவப்பு விழுந்ததும் பாட்டை அணைத்துவிடுகிறேன். மகளுக்கு அதில்தான் இப்போது கோபம்.